டிராக்டர் கொதிக்கிறதா? தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் முன்

இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் பலர் செய்வது இரண்டே வேலை. ஒன்று, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிவிட்டு வேலையைத் தொடர்வது. இன்னொன்று, "தெர்மோஸ்டாட் போயிடுச்சு" என்று, தண்ணீர் சூடேறும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கும் அந்த வால்வைக் கழற்றி எறிவது. இரண்டிலும் சில சமயம் முள் கொஞ்சம் இறங்கும். அதனால்தான் இந்தப் பழக்கம் போகவே மாட்டேன் என்கிறது. ஆனால் கோளாறு எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும். அடுத்த முறை அது ஹெட் கேஸ்கட்டையும் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) சேர்த்துக்கொண்டு போகும்.

இங்கே சொல்வது 15 முதல் 25 குதிரைத்திறன் வரையுள்ள பழைய சிறு டீசல் டிராக்டர்களுக்கு. குபோட்டா, யான்மார், இசேக்கி போன்ற ஜப்பானிய வண்டிகள் அந்த வகை. சிங்கப்பூரில் கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் பாத்தி கிளறினாலும் சரி, லாரியில் ஏற்றி இடம் இடமாகப் போய்ப் புல் வெட்டினாலும் சரி, இன்ஜின் சூடேறும் விதம் ஒன்றுதான்.

வெப்பம் எங்கே போகிறது

எரியும் டீசலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தையும் புல்வெட்டியையும் சுழற்றுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர் சுமக்க வேண்டும். 20 குதிரைத்திறன் இன்ஜின் முழுச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ 5 லிட்டர் டீசல் குடிக்கும். அப்போது தண்ணீருக்கு வந்து சேரும் வெப்பம் சுமார் 12 கிலோவாட். வீட்டில் இருக்கும் 2 கிலோவாட் மின்சாரக் கெட்டில் ஆறை ஓயாமல் கொதிக்கவிட்டதற்குச் சமம் அது. அதைச் சுமக்க இருப்பதோ 3 முதல் 6 லிட்டர் தண்ணீர். சுமையில் ஓடும்போது ஃபேன் பெல்ட் அறுந்தால் சில நிமிடங்களிலேயே கொதிக்கத் தொடங்குவது இதனால்தான்.

எனவே இன்ஜின் அளவுக்கு மேல் சூடேறுகிறது என்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்கிறது. வெப்பம் வழக்கத்தைவிட அதிகமாக உண்டாகிறது, அல்லது அதைத் தண்ணீர் சரியாகச் சுமந்து வரவில்லை, அல்லது ரேடியேட்டர் அதைக் காற்றில் இறக்கிவிடவில்லை. எது என்று தெரியாமல் உதிரிப்பாகம் வாங்குவது வீண்செலவு. பழைய வண்டிகளில் மூன்றாவதுதான் பெரும்பாலும் காரணம். அதைச் சரிசெய்யவோ காசே தேவையில்லை.

சிங்கப்பூருக்கென்று ஒரு சங்கடமும் இருக்கிறது. ரேடியேட்டர் எவ்வளவு வெப்பத்தை இறக்கும் என்பது தண்ணீரின் சூட்டுக்கும் வெளிக்காற்றின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90 டிகிரி, காற்று 15 டிகிரி என்றால் வித்தியாசம் 75. ஜப்பானில் வசந்தகால உழவு அப்படிப்பட்ட காற்றில் நடக்கும். இங்கே பிற்பகலில் காற்று 33 டிகிரி. வித்தியாசம் 57ஆகச் சுருங்குகிறது. அதே ரேடியேட்டர் கால்வாசி குறைவாகத்தான் வேலை செய்யும். குளிர்ந்த ஊரில் பாதி அடைத்த ரேடியேட்டரோடும் வண்டி சமாளித்துவிடும். இங்கே சமாளிக்காது. ஈரப்பதத்தின் மேல் பழி போடுபவர்கள் உண்டு. உடம்பு வியர்வையால் குளிர்கிறது, அதற்கு ஈரப்பதம் எதிரி. ரேடியேட்டருக்கு வியர்க்காது. அதற்குக் காற்றின் சூடும் ஓட்டமும்தான் கணக்கு.

எப்போது சூடேறுகிறது என்று பாருங்கள்

ஸ்பானரை எடுக்கும் முன் இதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

சாவியைத் திருப்பியவுடனே, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே, முள் சிவப்புக்குப் போனால் அது வெப்பம் இல்லை; சென்சார் கெட்டிருக்கிறது, அல்லது அதன் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது. சென்சார் வயரைக் கழற்றிப் பாருங்கள். முள் கீழே விழுந்தால் சென்சார் போய்விட்டது. விழாவிட்டால் வயரில்தான் கோளாறு. ஒரு அகச்சிவப்பு வெப்பமானி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பழைய மீட்டரை நம்பி இன்ஜினைப் பிரித்த கதைகள் ஏராளம்.

ஸ்டார்ட் செய்த ஐந்து பத்து நிமிடத்தில், சுமையே இல்லாமல் சூடேறினால் தண்ணீர் ஓட்டத்தில் கோளாறு. தண்ணீர் குறைவு, உள்ளே காற்று அடைப்பு, மூடியே கிடக்கும் தெர்மோஸ்டாட், பம்பின் தேய்ந்த இறக்கை, அறுந்த பெல்ட், ஹெட் கேஸ்கட் ஆகியவை இந்தக் கூட்டம்.

சும்மா ஓடும்போது நன்றாக இருந்து, உயரமான புல்லில் அரைமணி நேரம் ஓடிய பிறகு முள் மெல்ல ஏறினால், ரேடியேட்டர் வெளியிலோ உள்ளேயோ அடைத்திருக்கிறது. அல்லது பெல்ட் வழுக்குகிறது. அல்லது சுமை அதிகம். இதுதான் அடிக்கடி வருவது.

வேலையின் நடுவே முள் ஏறிவிட்டால் பி.டி.ஓ.வை (புல்வெட்டிக்குச் சக்தி கொடுக்கும் தண்டு) விடுவித்து, வண்டியை நிறுத்தி, இன்ஜினை மிதமான வேகத்தில் மூன்று நான்கு நிமிடம் சுமையின்றி ஓடவிடுங்கள். ஃபேனும் பம்பும் சுற்றினால்தான் ஹெட்டில் தேங்கிய சூடு வெளியேறும். ஆனால் நீராவி வந்தாலோ, தண்ணீர் கொட்டினாலோ, பெல்ட் அறுந்தாலோ உடனே அணைத்துவிட வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் போனவுடன் உள்ளே 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர் நொடியில் நீராவியாகி முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல் தொட்டியில் உள்ளங்கையைத் தாராளமாக வைத்திருக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும், அரைமணிக்கு மேலேயே ஆகும். காய்ந்து கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட்டில் வெடிப்பு விழும்.

முதல் சந்தேகம் ரேடியேட்டரின் முகம்

இந்த வண்டிகளில் ஃபேன் முன்பக்கக் காற்றை ரேடியேட்டர் வழியாக இன்ஜின் பக்கம் இழுக்கிறது. காற்றோடு புல்துகளும் வருகிறது. லாலாங் புல் பூத்திருக்கும் இடத்தில் வெட்டினால் அதன் வெண்பஞ்சு மெத்தை மெத்தையாக வலையில் ஒட்டும். வலைக்குத் தப்பியது தகடுகளுக்கு நடுவே போய் உட்காரும். இன்ஜின் முன்பக்க சீலிலிருந்து கொஞ்சம் எண்ணெய் கசிந்தால் போதும், அது தூசியோடு சேர்ந்து கறுப்புக் களிம்பாகிவிடும். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும் ரேடியேட்டர், பின்பக்கம் முழுதாக அடைத்திருப்பது சகஜம்.

சோதிக்க எளிய வழி: இருட்டான இடத்தில் ஃபேன் பக்கம் ஒரு டார்ச்சை வைத்து முன்னால் நின்று பாருங்கள். தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் சீராக வர வேண்டும். இருட்டுத் திட்டுகள் எங்கே இருக்கின்றனவோ அங்கே காற்று போகவில்லை.

சுத்தம் செய்யும்போது கிரில், பக்கவாட்டுத் தகடு, முன்வலை எல்லாவற்றையும் கழற்றுங்கள். பாட்டரி முன்னால் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி. ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியானால் (கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் சக்கரம் ஓடும் வகை) ரேடியேட்டருக்கு முன் ஒரு சிறிய ஆயில் கூலர் இருக்கலாம். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கில்தான் அழுக்கு அடுக்கடுக்காகத் தேங்கும். கூலரின் போல்ட்டைத் தளர்த்தி, குழாயைக் கழற்றாமலே அதைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால் கை போகும்.

காற்று அடிப்பதும் தண்ணீர் அடிப்பதும் எப்போதும் ஃபேன் பக்கத்திலிருந்து முன்னோக்கித்தான். முன்னாலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் ஆழமாகப் போய் இறுகும். காற்று 2 முதல் 3 பார் போதும். நாசிலை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, தகட்டுக்கு நேராக அடியுங்கள். எண்ணெய்க் களிம்பு இருந்தால் முதலில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலையோ கிரீஸ் நீக்கியையோ தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, தோட்டத்து ஹோஸால் மெதுவாகக் கழுவ வேண்டும். உயர் அழுத்த வாஷரைக் கிட்டே கொண்டு போகாதீர்கள். மெல்லிய தகடுகள் ஒரே அடியில் படுத்துவிடும், பிறகு காற்று போகும் வழியே இருக்காது. ஏற்கெனவே மடங்கியிருப்பவற்றைத் தட்டையான சிறு திருப்புளியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தலாம். பொறுமை வேண்டும்.

அதோடு ஃபேனைச் சுற்றியுள்ள கூண்டையும் பாருங்கள். பழைய வண்டிகளில் அது உடைந்தோ, யாரோ கழற்றி எங்கோ வைத்தோ இருக்கும். கூண்டு இல்லாவிட்டால் ஃபேன் தன்னைச் சுற்றியுள்ள சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும். ரேடியேட்டர் ஓரங்களில் இருக்க வேண்டிய ரப்பர் அல்லது ஃபோம் பட்டையும் அதற்காகத்தான். பம்பு மாற்றியபோது ஃபேனைத் திருப்பிப் போட்டுவிட்டால் காற்றோட்டம் பாதியாகும். ஒரு துண்டுக் காகிதத்தை கிரில்லில் வைத்துப் பாருங்கள். ஓடும் இன்ஜின் அதை இறுக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும்.

பெல்ட், மூடி, ஹோஸ்

பெல்ட்டை இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் சுமார் 10 கிலோ விசையில் அழுத்தினால் 7 முதல் 10 மி.மீ. தாழ வேண்டும். அதற்கு மேல் தாழ்ந்தால் வழுக்கும். சுமை ஏறும்போது மட்டும் வழுக்கும் பெல்ட் கீச்சிடாமல் கூட இருக்கலாம். பக்கங்கள் கண்ணாடி போலப் பளபளத்தால் அதுவே அடையாளம். அளவுக்கு மீறி இறுக்கினால் பம்பின் பேரிங் போகும்.

ரேடியேட்டர் மூடியை மலிவுப் பொருள் என்று யாரும் மதிப்பதில்லை. அதில் இரண்டு வால்வுகள் உண்டு. பெரியது அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. இந்த வண்டிகளில் அது பெரும்பாலும் 13 பி.எஸ்.ஐ., அதாவது 0.9 பார். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் அந்த அழுத்தத்தில் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் அது 125ஐத் தாண்டும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு முழுதும் போய்விடும். எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி ஹெட்டின் மிகச் சூடான இடத்தில் முதலில் நீராவிக் குமிழ்கள் உருவாகும். நீராவி வெப்பத்தைச் சுமக்காது, அங்கே உலோகம் இன்னும் சூடாகும். நடுவில் உள்ள சின்ன வால்வு, இன்ஜின் ஆறும்போது வெளித்தொட்டியிலிருந்து தண்ணீரைத் திரும்ப உறிஞ்ச விடுகிறது. அது அடைத்திருந்தால் ஆறிய இன்ஜினின் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடக்கும். புதிய மூடி வாங்கும்போது அதே அழுத்தம், அதே கழுத்து ஆழம் பார்த்து வாங்குங்கள். "கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் நல்லது" என்று 16 பி.எஸ்.ஐ. போட்டால் பழைய ரேடியேட்டரின் பற்றவைப்பு பிளக்கலாம்.

ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். ரப்பர் மெத்தென்று உப்பியிருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். கீழ் ஹோஸுக்குள் ஒரு கம்பிச் சுருள் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். வேகத்தில் பம்பு உறிஞ்சும்போது ஹோஸ் சப்பையாகாமல் தடுப்பது அதுதான்.

உள்ளே அடைத்தால்

வெளியே சுத்தம், பெல்ட் இறுக்கம், மூடி புதிது, இன்னும் சூடேறுகிறது என்றால் ரேடியேட்டர் குழாய்களுக்குள் துரு, சுண்ணாம்புப் படிவு சேர்ந்திருக்கும். வெறும் குழாய்த்தண்ணீரிலேயே வருடக்கணக்காக ஓடிய வண்டிகளுக்கு இது நிச்சயம். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி அகச்சிவப்பு வெப்பமானியால் ரேடியேட்டரின் முகத்தைக் கட்டம் கட்டமாக அளந்து பாருங்கள். மேலிருந்து கீழே சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவே சில்லென்ற திட்டு தென்பட்டால் அந்தக் குழாய்களில் ஓட்டம் இல்லை.

கழுவ சிட்ரிக் அமிலம் போதும். பழைய நீரை ரேடியேட்டரிலும் பிளாக்கின் பக்கவாட்டிலும் உள்ள வடிகுழாய்கள் இரண்டையும் திறந்து வெளியேற்றுங்கள். பிளாக் குழாயில் எதுவும் வராவிட்டால் காலியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே சேறு அடைத்திருக்கிறது; கம்பியால் குத்தினால் கறுப்பாகக் கொட்டும். பிறகு லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் என்ற கணக்கில், 5 லிட்டர் வண்டிக்கு சுமார் 150 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து ஊற்றி, வேலைச் சூட்டில் அரைமணி நேரம் ஓடவிடுங்கள். வடித்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று முறை அலசி, கடைசிக்கு முந்தைய அலசலில் ஒரு கை சமையல் சோடா சேர்த்தால் மிச்ச அமிலம் அடங்கும். வடிகால் திறக்க வைத்திருக்கும் காஸ்டிக் சோடாவை இதில் பயன்படுத்தாதீர்கள், அது அலுமினியத்தைத் தின்றுவிடும். ஒரு எச்சரிக்கை: துருவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்த இடங்கள் கழுவிய பிறகு ஒழுகத் தொடங்கலாம். பித்தளை ரேடியேட்டரானால் மேல்தொட்டியைப் பிரித்துக் குழாய்களைக் கம்பியால் துளாவச் சொல்லி ரேடியேட்டர் பட்டறையில் கொடுக்கலாம். உபி, காக்கி புக்கிட், சின் மிங் வட்டாரத்து வாகனப் பட்டறைகளில் விசாரித்தால் ஆள் கிடைப்பார்.

சிங்கப்பூரில் உறைபனி இல்லையே, கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். துரு தடுக்கத்தான். அதில் உள்ள மருந்து இல்லாமல் இரும்பு பிளாக், செப்பு ரேடியேட்டர், அலுமினியத் தெர்மோஸ்டாட் கூடு மூன்றும் ஒரே தண்ணீரில் ஒன்றையொன்று அரிக்கும். 40 முதல் 50 சதவீதம் போதும், மிச்சம் தாது நீக்கிய நீர். கூடுதலாகப் போட்டால் குளிர்ச்சி கூடாது. கூலன்ட்டில் உள்ள கிளைகால் தண்ணீரைவிடக் குறைவாகவே வெப்பம் சுமக்கும், 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டிய தேவை இங்கே இல்லவே இல்லை. பழைய வண்டிக்கு வழக்கமான பச்சை வகை பொருந்தும். வகைகளைக் கலக்காமல், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

வடித்த கூலன்ட் நச்சு. இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும். அதைக் கால்வாயில் ஊற்றவே கூடாது. கிராஞ்சிப் பக்கத்துக் கால்வாய்கள் போய்ச் சேருவது நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்தில். மூடிய கேனில் சேர்த்து, உரிமம் பெற்ற கழிவு சேகரிப்போரிடம் கொடுத்துவிடுங்கள்.

நிரப்பும்போது முன்பக்கத்தைச் சற்று மேட்டில் ஏற்றி, மூடியைத் திறந்து வைத்து மெதுவாக ஊற்றுங்கள். மேல் ஹோஸைப் பிசைந்து கொடுத்தால் காற்றுக் குமிழ் வெளியேறும். தெர்மோஸ்டாட் திறக்கும்போது மட்டம் சட்டென்று இறங்கும், மீண்டும் நிரப்பி மூடுங்கள்.

தெர்மோஸ்டாட்டும் பம்பு இல்லாத வண்டிகளும்

இனி தெர்மோஸ்டாட்டுக்கு வரலாம். கழற்றி, ஒரு பானைத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியும் வைத்து அடுப்பில் ஏற்றுங்கள். அதன் மேலேயே திறக்கும் சூடு பொறித்திருக்கும்; பழைய சிறு டிராக்டர்களில் 71 அல்லது 82 டிகிரி சாதாரணம். அந்தச் சூட்டின் அருகில் திறக்கத் தொடங்கி, அதிலிருந்து பதினைந்து டிகிரிக்குள் முழுதாகத் திறக்க வேண்டும். திறந்தால் அது நல்லது, திரும்பப் போடுங்கள். ஸ்பிரிங் இன்ஜின் பக்கம், சிறு ஊசித்துளை மேல்பக்கம், புதிய கேஸ்கட்.

கழற்றிவிட்டு ஓட்டினால் என்ன? பைபாஸ் வழி (ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்கே திரும்பும் வழி) உள்ள இன்ஜின்களில் தண்ணீர் சுலபமான குறுக்கு வழியிலேயே சுற்றும், ரேடியேட்டருக்குப் போவது குறையும். லேசான வேலையில் இன்ஜின் சூடாகவே ஆகாது. எரியாத டீசல் எண்ணெயில் கலந்து சிலிண்டரைத் தேய்க்கும்.

பழைய யான்மார், குபோட்டா சிறு வண்டிகள் சிலவற்றில் வாட்டர் பம்பே கிடையாது. சூடான நீர் லேசாகி மேலே ஏறி, ரேடியேட்டரில் ஆறி, கனமாகிக் கீழே இறங்கும். அவ்வளவுதான் அதன் சுழற்சி. அவற்றில் தண்ணீர் மட்டம் மேல் ஹோஸின் வாய்க்குக் கீழே ஒரு விரல் இறங்கினாலும் சுற்று அறுந்துவிடும், ஓட்டம் நின்றுவிடும். காலையில் மட்டம் பார்க்காமல் இந்த வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூடாது. பம்பைத் தேடி ஒரு நாளை வீணாக்கவும் வேண்டாம்.

சுமை அதிகமா?

மழுங்கிய புல்வெட்டிக் கத்தி, அடைத்த ஏர் ஃபில்டர், பிடித்துக்கொண்டே ஓடும் பிரேக், குறைந்த எண்ணெய் இவை எல்லாம் வெப்பத்தைக் கூட்டும். கறுப்புப் புகை விடாமல் வந்தால் இன்ஜின் தாங்காத வேலை கொடுக்கிறீர்கள். கியரைக் குறைத்து, புல்லை இரண்டு தடவையாக வெட்டுங்கள். மழைக்குப் பின் கவ்கிராஸ் கனமாக இருக்கும் நாள்களில் முக்கியமாக. இன்ஜெக்டர் ஒழுகுவதும் டீசல் பாயும் நேரம் பிசகுவதும் பட்டறையில் பார்க்க வேண்டியவை.

ஹெட் கேஸ்கட்

எல்லாம் பார்த்தும் தண்ணீர் குறைந்துகொண்டே போனால், வெளியே ஒழுகலும் தெரியாவிட்டால், கடைசிச் சந்தேகம் இது. ஆறிய இன்ஜினின் ரேடியேட்டர் கழுத்தில் ஒரு மெல்லிய ரப்பர் கையுறையை மாட்டி இறுக்கிக் கட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீர் சூடாகும் முன்பே, முதல் நிமிடத்திலேயே கையுறை துடித்துத் துடித்து உப்பினால் சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் வருகிறது. எண்ணெய் மட்டம் பார்க்கும் கோலில் எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வெளுத்திருந்தாலும், புகைக்குழாயில் இனிப்பு வாடையோடு வெண்புகை நிற்காமல் வந்தாலும் அதே முடிவுதான். அதற்கு மேல் வண்டியை ஓட்டாதீர்கள்.

ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடிவிடும் சபலம் வரும். நேரான எஃகு அளவுகோலைக் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து, 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எங்காவது நுழைகிறதா என்று பார்த்த பிறகே முடிவெடுங்கள். நுழைந்தால் ஹெட் வளைந்திருக்கிறது. மெஷின் பட்டறையில் மட்டம் தட்டாமல் புதுக் கேஸ்கட் போட்டால் அதுவும் சில மாதத்தில் போகும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, அந்த இன்ஜினின் கையேட்டில் உள்ள இறுக்க அளவுக்கு, இரண்டு மூன்று சுற்றாக ஏற்றுங்கள். முதல் முறை சூடாகி ஆறிய பிறகும், இரண்டாம் முறை ஆறிய பிறகும் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து நிரப்பிவிட்டு, அடுத்த நாள் அரைமணி நேரம் சுமையில் ஓட்டி மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் சூடுகளைக் குறித்து வண்டியிலேயே ஒட்டி வையுங்கள். அடுத்த முறை முள் ஏறும்போது எதோடு ஒப்பிடுவது என்று தெரியும்.